குசினியில் ஹெட்போன் செய்தவர்: நதானியேல் போல்ட்வினின் கதை

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் உப்புவெளி, நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு திரியாய் வரும். இதே கரையோரத்தில்தான் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி தனது அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை 1984 இல் இயக்கத் தொடங்கியது. ஆசியாவின் பெரும் பகுதிக்குக் குரல் அனுப்பிய நிலையம் அது. அடுத்த ஆண்டே, 1985 இல், திரியாயின் வீடுகள் எரிக்கப்பட்டன. சனம் கையில் அகப்பட்டதோடு ஊரைவிட்டு வெளியேறியது. உலகத்துக்குச் செய்தி அனுப்பும் கம்பங்கள் நின்ற கரையில் வாழ்ந்தவர்கள், தங்கள் ஊரைப் பற்றி யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று அறிய, சின்ன ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

போர்க்காலத்தில் செய்தி கேட்பது எவ்வளவு வேலை பிடித்த காரியம் என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பற்றரி போகத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ எந்த வானொலியைக் கேட்கிறோம் என்பதே பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாத விடயமாக இருந்தது. அதனால் இயர்போன் வந்தது. இயர்போனில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஸ்பீக்கரை அதிர வைக்கத் தேவைப்படும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கு அதற்குப் போதும். பழைய பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பவும் போட்டவர்களுக்கு அது பெரிய இலாபம்.

கொஞ்ச மின்சாரத்தில் மற்றவருக்குக் கேட்காமல் ஒரு குரலைக் காதுக்குள் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்பு மிகச் சிறந்த பதிலைச் சொன்னவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின். ஊடகக் கற்கை படித்த காலத்தில் மார்க்கோனி, எடிசன், பெல் என்று பல பெயர்களை மனப்பாடம் செய்தோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் தினமும் தலையில் மாட்டிய சாமானைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் யார் என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. அவருடைய வாழ்க்கை வெற்றிக் கதையும் அல்ல, முழுத் தோல்விக் கதையும் அல்ல. அதனாலேயே சொல்லத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

போல்ட்வின் 1878 டிசம்பர் 1 ஆம் திகதி யூட்டாவின் பில்மோர் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்தப் பிரதேசத்தைக் குடியேற்றியவர்கள் மொர்மன் மதத்தவர். கிழக்கு மாநிலங்களில் அடித்து விரட்டப்பட்டு, பாலைவனம் தாண்டி வந்து, மலையடிவாரத்தில் வாய்க்கால் வெட்டிக் குடியிருந்த சமூகம். கடை தூரம், பணம் குறைவு. வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே பிள்ளைகளுக்கும் இருந்தது. போல்ட்வின் சிறுவனாக இருக்கும்போதே சைக்கிள் ஒன்றையும் சிறிய நீராவி இயந்திரம் ஒன்றையும் செய்தவர். பின்னர் புரோவோ நகரத்தில் இருந்த பிரிகம் யங் கலாசாலையிலும், லோகன் விவசாயக் கல்லூரியிலும் படித்து, கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். படித்த கலாசாலைக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அந்த வேலை நிலைக்கவில்லை. காரணம் மின்சாரம் அல்ல, மதம். மொர்மன்களிடையே ஓர் ஆண் பல மனைவியரை மணக்கும் வழக்கம் இருந்தது. அமெரிக்க அரசின் கடும் அழுத்தத்தின் பின் 1890 இல் திருச்சபைத் தலைமை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் அது கடவுள் கொடுத்த கட்டளை, அரசாங்கத்துக்காக மாற்ற முடியாது என்று ஒரு சிறு பிரிவினர் பிடிவாதமாக நின்றார்கள். போல்ட்வின் அவர்கள் பக்கம் சாய்ந்தார். 1905 ஐ ஒட்டிய காலத்தில் கலாசாலை அவரை வெளியேற்றியது. பின்னர் திருச்சபையும் அவரை விலக்கியது. பலதார மணத்தை நியாயப்படுத்த வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. அந்த ஏற்பாட்டில் பெண்கள் பட்டது என்ன என்பது தனிக் கதை. ஆனால் போல்ட்வினின் வாழ்க்கையில் பின்னால் வந்த ஏற்றமும் இறக்கமும் இந்த ஒரு முடிவோடு பிணைந்தவை என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது.

வேலை இழந்தவர் கிடைத்ததைச் செய்தார். மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருந்த சிறிய நீர்மின் நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம். இரவு முழுக்க மின்சாரம் இருந்தது, நேரமும் இருந்தது. அங்கேதான் பழைய ஓர் எண்ணத்தைக் கையில் எடுத்தார்.

சோல்ட் லேக் சிட்டியில் மொர்மன்களின் டபர்னக்கிள் என்ற பெரிய பிரார்த்தனை மண்டபம் இருக்கிறது. 1867 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆமையோடு போன்ற கூரை. மேடையில் ஒரு குண்டூசியை விழுத்தினால் கடைசி வாங்கிலில் கேட்கும் என்று இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்து காட்டுவார்கள். ஆனால் வெறும் மண்டபத்தில் ஊசி விழுவது வேறு, ஆயிரக்கணக்கானோர் இருமிக்கொண்டும் பிள்ளைகளை அடக்கிக்கொண்டும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வேறு. போல்ட்வினுக்குப் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை. ஒலிபெருக்கி என்று ஒன்று இல்லாத காலம் அது. (எங்கள் கோவில் திருவிழாக்களில் இருக்கும் குழாய் ஸ்பீக்கர்களைக் கணக்கெடுத்தால் அந்தக் குறையை நாங்கள் வட்டியோடு தீர்த்துவிட்டோம்.) ஒலியைப் பெருக்க வேண்டும் என்று அவர் புறப்பட்டது இதற்காகத்தான். முதலில் அழுத்திய காற்றின் உதவியோடு குரலைப் பெரிதாக்கும் கருவியில் இறங்கினார். அந்த வழியில் போகப் போக, மின்சாரத்தை ஒலியாக மாற்றும் உறுப்பே மேம்பட வேண்டும் என்பது தெரிந்தது. அந்த உறுப்புத்தான் அவரைப் பெயர் பெற வைத்தது.

அதில் என்ன புதுமை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அக்காலத் தொலைபேசியின் காதுப் பகுதிக்குள் ஒரு காந்தம், அதன் முனைகளில் செப்புக் கம்பிச் சுருள், அதற்கு மிக அருகே மெல்லிய இரும்புத் தகடு. சுருளில் மின்சாரம் கூடிக் குறைய, காந்தத்தின் இழுவையும் கூடிக் குறையும், தகடு அதிரும், சத்தம் வரும். இதில் ஒரு குறை உண்டு. மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் காந்தம் தகட்டை எந்நேரமும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஏற்கனவே வளைந்து விறைத்து நிற்கும் தகட்டை மெல்லிய மின்சாரத்தால் எளிதில் அசைக்க முடியாது.

போல்ட்வின் இழுபடும் பொருளையும் சத்தம் எழுப்பும் தகட்டையும் பிரித்துவிட்டார். சுருளின் நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டு, தராசுக் கோல் போல நடுவில் தாங்கப்பட்டு நிற்கும். இரண்டு பக்கமும் காந்த முனைகள். இரண்டும் ஒரே அளவில் இழுப்பதால் துண்டு எந்தப் பக்கமும் சாயாது. மிகச் சிறிய மின்சாரம் வந்தாலும் சமநிலை குலையும், துண்டு ஆடும். அந்த ஆட்டத்தை ஊசி போன்ற மெல்லிய கம்பி ஒன்று மைக்காத் தகட்டுக்குக் கொண்டுபோகும். மைக்கா காந்தத்தால் இழுபடாது, மெலிதானது, பாரமற்றது. ஆகவே விசை வீணாவது குறையும். இந்தச் சமநிலைத் தத்துவம் முற்றிலும் போல்ட்வினுடையது அல்ல. அலெக்சாண்டர் கிரகம் பெல்லின் உதவியாளர் தோமஸ் வொட்சன் 1880 களிலேயே அந்த வழியில் சிந்தித்திருந்தார். அதை ஒவ்வொன்றாக நுணுக்கமாகச் செய்து, நாளாந்தப் பாவனைக்குத் தாங்கும் பொருளாக்கியவர் போல்ட்வின். கண்டுபிடித்தவருக்கும் செய்து முடித்தவருக்கும் இடையில் புகழைப் பங்கிடும் வேலையை நான் எடுக்கவில்லை. ஆனால் செய்து முடித்தவரைத்தான் வரலாறு அடிக்கடி மறக்கிறது.

1910 இல் வோஷிங்டனில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் வானொலிப் பிரிவுக்கு ஒரு கடிதம் போனது. நீலமும் இளஞ்சிவப்புமான கடுதாசியில் ஊதா மையால் எழுதியிருந்தார்கள். எழுதியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. தான் செய்த ஹெட்போனைச் சோதித்துப் பார்க்கும்படி போல்ட்வின் கேட்டிருந்தார். பிரிவுப் பொறுப்பாளராக இருந்தவர் ஆர்தர் ஹெப்பர்ன் என்ற அதிகாரி. பின்னாளில் அட்மிரலாகி முழு அமெரிக்கக் கடற்படைத் தொகுதிக்கும் தலைமை தாங்கியவர். இப்படியான கடிதங்கள் அவர் மேசைக்கு நிறைய வரும், பெரும்பாலானவை கிறுக்கர்களுடையவை. ஆனாலும் அனுப்பிய பொருளைச் சோதித்தார்கள். கடற்படை அதுவரை பாவித்த எதையும்விட அது நன்றாக இருந்தது.

அக்காலக் கப்பல்களின் வயர்லெஸ் அறையை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். அப்போது கடற்படையின் ரேடியோவில் ஒலியைப் பெருக்கும் வால்வு இல்லை. ஒரு கனிமக் கல்லின் மேல் ஊசியை வைத்துச் சமிக்ஞையைப் பிரித்தெடுத்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்து அன்ரனாவில் பட்ட துளி மின்சாரம் மட்டும்தான் ஹெட்போனை அசைக்க வேண்டும், வேறு உதவி கிடையாது. இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, தூரத்துக் கப்பலின் மோர்ஸ் ஒலி கேட்குமா இல்லையா என்பது முழுக்க முழுக்கக் காதில் இருக்கும் அந்தச் சாமானில் தங்கியிருந்தது.

கடற்படை ஓடர் கொடுத்தது. போல்ட்வின் அனுப்பிய பதில், ஒரு நேரத்தில் 10 இற்கு மேல் ஏற்க முடியாது என்பது. விசாரித்தால் காரணம் தெரிந்தது: அவர் ஹெட்போன்களைச் செய்தது தன் வீட்டுக் குசினியில். சமைக்கும் மேசையில் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலைப்பட்டி நெருக்குகிறது, மணிக்கணக்காக மாட்ட முடியவில்லை என்று கடற்படை முறையிட்டபோது அதையும் மாற்றினார். தோல் சுற்றிய இரண்டு கம்பிகளைத் தலைக்கு மேலாக வளைத்து, காதுக் கிண்ணங்களை மேலும் கீழும் நகர்த்தக்கூடியதாகச் செய்தார். இன்றைக்கு எந்தக் கலையகத்திலும் தலையில் மாட்டும் ஹெட்போனின் உருவம் ஏறக்குறைய அதுவே.

பிரசங்கம் கேட்கத் தொடங்கிய முயற்சிக்குப் போர்க்கப்பல்தான் முதல் வாடிக்கையாளர் என்பது என்னை உறுத்துகிறது. முதல் உலகப் போர் வந்தது, ஓடர்கள் பெருகின. நல்ல காதுகள் முதலில் இராணுவங்களுக்குத்தான் வாய்க்கின்றன. திருகோணமலைத் துறைமுகமே அதற்குச் சாட்சி. 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, கொக்கலவிலிருந்து பறந்த கட்டலினா விமானம் ஒன்று யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டது. வயர்லெஸ் இயக்குநர் செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. கரையில் யாரோ ஒருவரின் ஹெட்போனில் அந்தச் செய்தி விழுந்ததால்தான் அடுத்த நாள் கொழும்பு எதிர்பாராமல் தாக்கப்படவில்லை. ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலை குண்டுவீச்சுக்கு உள்ளானது. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 300 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது பாவித்தவை போல்ட்வினின் ஹெட்போன்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடற்படைக்காரனின் தலையில் ஹெட்போனை நிரந்தரமாக ஏற்றி வைத்தவர்களில் முதன்மையானவர் அவர்.

போர் முடிந்தபின் அதைவிடப் பெரிய சந்தை திறந்தது. 1920 நவம்பரில் பிற்ஸ்பேர்க்கின் கேடிகேஏ நிலையம் ஒலிபரப்பைத் தொடங்க, இரண்டு ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுவதும் வீட்டு ரேடியோப் பைத்தியம் பரவியது. அந்த அலை எங்கள் தீவுக்கும் வந்தது. 1923 இல் கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வயர்லெஸ் உதிரிப்பாகங்களைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இங்கேயும் போரின் மிச்சத்திலிருந்துதான் வானொலி. அந்த ஆண்டுகளில் ரேடியோ கேட்பது என்றால் பெரும்பாலும் ஹெட்போனில் கேட்பதுதான். குடும்பத்தில் இரண்டு பேர் கேட்க விரும்பினால் ஆளுக்கொரு கிண்ணத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

சோல்ட் லேக் சிட்டிக்கு அருகே ஈஸ்ட் மில்கிரீக்கில் போல்ட்வினின் தொழிற்சாலை எழுந்தது. 1922 இல் அதன் வருமானம் 20 லட்சம் டொலரை எட்டியது. 150 பேர் அளவில் வேலை செய்தனர். அவருடைய ஹெட்போன் உறுப்பையே நீண்ட கொம்பு ஒன்றின் அடியில் பொருத்தி ஒலிபெருக்கியாகவும் விற்றார்கள். இவ்வளவு பணம் வந்தபோது அவர் செய்த காரியம், தன்னைப் போலவே திருச்சபையால் விலக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. பலதார மணத்தை விடாமல் பிடித்தவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைப்பது கடினம். அவர்கள் மேசை வேலைக்கும் நிர்வாகத்துக்கும் வந்தார்கள். அருகே குடியிருப்பும் வளர்ந்தது.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெட்போன்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. பல இன்னும் பேசும். எங்கள் பக்கம் இப்படியான சாமான் மிஞ்சுவது அரிது. இடப்பெயர்வில் வீடு போகும், வீடு இருந்தால் உள்ளே இருந்த செப்பும் இரும்பும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஆனாலும் ஒரு தாத்தாவின் பெட்டியிலோ, வெளிநாட்டில் பழைய சாமான் சந்தையிலோ அகப்பட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் உடனே எதிலும் கொழுவிப் பார்க்கக் கூடாது. மல்டிமீட்டரால் தடையை அளக்க வேண்டும். அக்கால ஹெட்போன் சோடி ஒன்றுக்கு 2000 ஓம் அளவு காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. மீட்டர் இல்லையென்றால் 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டாலே காதில் ‘டக்’ என்று கேட்கும். எதுவும் கேட்காவிட்டால் சுருள் அறுந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் பிழை வயரில் இருக்கும். பருத்தி நூலில் மெல்லிய செப்புத் தாள் சுற்றிய வயர் அது, உள்ளே ஒடிந்தாலும் வெளியே தெரியாது. வயரை மாற்றினால் பல நேரம் வேலை முடிந்துவிடும். சுருளே அறுந்திருந்தால் அது கைதேர்ந்தவர் திரும்பச் சுற்ற வேண்டிய விடயம்.

திறந்தால் காந்தத்தில் கவனம். அக்கால எஃகுக் காந்தங்கள் அடித்தாலும் சூடாக்கினாலும் பலம் இழக்கும். கழற்றி வைக்கும்போது இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை ஒட்டி வைப்பது பழைய கைவினைஞர் வழக்கம், அது சரியான வழக்கம். மைக்காத் தகட்டைக் கையால் அழுத்தக் கூடாது. நடுவில் நிற்கும் இரும்புத் துண்டு ஒரு பக்கம் ஒட்டிப்போனால் சத்தம் வராது, அதை நடுவுக்குக் கொண்டுவருவது மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அழுக்கை உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம்.

பிறகு அதற்குப் போதிய சத்தம் கொடுப்பது. கைபேசியின் ஹெட்போன் துளை 16 அல்லது 32 ஓம் ஹெட்போனுக்காகச் செய்தது. 2000 ஓம் ஹெட்போனுக்கு அதைவிடக் கூடிய வோல்ட் வேண்டும். இடையில் ஒரு சிறு ட்ரான்ஸ்போமர் வைத்தால் பிரச்சினை தீரும். பழைய வால்வு ரேடியோவில் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் ட்ரான்ஸ்போமரைத் தலைகீழாகப் பாவிக்கலாம்: ஸ்பீக்கர் பக்கம் அம்பிளிபயருக்கு, மற்றப் பக்கம் ஹெட்போனுக்கு. நேரோட்ட மின்சாரம் சுருளுக்குள் போவதையும் அது தடுக்கும். பழைய வால்வு ரேடியோவிலேயே நேரடியாகக் கொழுவ நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் ஹெட்போன் முனைகளுக்கு உயர் வோல்ட் வரக்கூடும், அந்த முனைகள் மூடப்படாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். வயரில் வேறு நிற நூல் ஓடும் பக்கம் நேர்முனைக்கு. மாற்றிக் கொழுவினால் காந்தம் மெல்ல மெல்லப் பலம் இழக்கும்.

இவ்வளவும் செய்து பாட்டுக் கேட்டால் ஏமாற்றம்தான். கீழ்ச்சுருதி இருக்காது, மேல்ச்சுருதியும் இராது. தவிலும் மிருதங்கமும் தகரம் தட்டுவது போலக் கேட்கும். செய்தி வாசிக்கும் குரலைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக வரும். குரலுக்காகவும் மோர்ஸ் ஒலிக்காகவும் செய்த சாமான் அது.

அந்தச் சமநிலை உறுப்பு அருங்காட்சியகத்தோடு நின்றுவிடவில்லை. அதை அரிசிமணி அளவுக்குக் கொஞ்சம் மேலாகச் சுருக்கி, இன்றைய காது கேட்கும் கருவிகளுக்குள் வைக்கிறார்கள். பற்றரி மிகச் சிறியது, மின்சாரத்தை வீணாக்க முடியாது, ஆகவே பழைய விடையே திரும்பவும் உதவியது. அந்தத் தொழிலில் அதை இன்னும் ரிசீவர் என்றே அழைக்கிறார்கள், தொலைபேசிக் காலத்துப் பெயர். இது எங்கள் வாசகர்களுக்குத் தூரத்து விடயம் அல்ல. ஷெல் வெடிப்பின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். கிழிந்த செவிப்பறை பல நேரம் ஆறும், ஆனால் உட்காதில் இருக்கும் மயிர்க்கலங்கள் அழிந்தால் அவை திரும்ப வளராது. பங்கருக்குள் இருந்து உயிர் தப்பியவர்களில் எத்தனையோ பேர், காயம் இல்லை என்று எழுதப்பட்டவர்கள், அன்றிலிருந்து ஒரு பக்கக் காதில் இரைச்சலோடு வாழ்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று வகுப்பில் பின்வாங்கிலில் இருத்திய கதைகளும் உண்டு. கை கால் இழந்தவருக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்பங்குகூட கேள்வி இழந்தவருக்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் அது வெளியே தெரியாது. காது கேட்கும் கருவி கொடுத்தாலும் அதற்கான பற்றரியை மாதாமாதம் யார் வாங்குவது என்ற கேள்வி நிற்கிறது. பற்றரிக்கும் எங்களுக்கும் உள்ள பழைய பிரச்சினை வேறு வடிவில் தொடர்கிறது.

போல்ட்வினுக்கு வருவோம். ஏறிய வேகத்திலேயே இறக்கம் வந்தது. கூட இருந்த சமயத்தோழர்களின் யோசனையில் ஒமேகா என்ற முதலீட்டுக் கம்பனி உருவானது. தொழிற்சாலைப் பணம் தங்கச் சுரங்கம் போன்ற திட்டங்களில் இறங்கியது. போனது திரும்பவில்லை. 1924 அளவில் நிறுவனம் கடனாளிகளின் கைக்குப் போனது. அதே நேரம் சந்தையும் மாறியது. 1925 இல் நகரும் சுருள் ஒலிபெருக்கி வந்தபின், குடும்பத்தோடு இருந்து கேட்கும் ரேடியோவையே எல்லோரும் விரும்பினார்கள். வீடுகளில் ஹெட்போன் மேசை லாச்சிக்குள் போனது. மீண்டும் எழும்பப் பார்த்த முயற்சியில் பங்குகளைத் தபால் மூலம் விற்றது தொடர்பாக மோசடி வழக்கு வந்தது. 5 ஆண்டுத் தண்டனை. வோஷிங்டன் மாநிலத்தின் மெக்னீல் தீவுச் சிறையில் 2 ஆண்டுகள் இருந்தார்.

அவரை அப்பாவி என்று சொல்பவர்கள் உண்டு. இயந்திரம் மட்டும் தெரிந்த மனிதரைச் சுற்றியிருந்தவர்கள் உறிஞ்சிவிட்டார்கள் என்பது அவர்களின் வாதம். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. விலக்கப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை, உண்மை. ஆனால் விலக்கப்பட்டவன் என்ற ஒரே தகுதியில் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைத்தது அவருடைய தெரிவு. பங்கு வாங்கிய சாதாரண மனிதர்களின் பணமும் அதில் போனது. ஒன்றாக அடிபட்டவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்காமல் விடும் பழக்கம் யூட்டாவில் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது.

சிறையிலிருந்து வந்தபின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. தொழிற்சாலை கை மாறிவிட்டது. பேர்லினில் ஒய்கன் பயர் என்பவரின் நிறுவனம் 1937 இல் டிரி 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. சமநிலை இரும்புத் துண்டுக்குப் பதிலாக, தகட்டோடு சேர்ந்தே ஆடும் சுருள். கலையக ஹெட்போன் என்று இன்று நாங்கள் சொல்லும் வகை அங்கிருந்து வளர்ந்தது. 1958 இல் மில்வோக்கியில் ஜோன் கொஸ் ஸ்டீரியோ ஹெட்போனை விற்கத் தொடங்க, லாச்சிக்குள் கிடந்த சாமான் பாட்டுக் கேட்பவர்களின் தலைக்கு மீண்டும் ஏறியது. போல்ட்வின் அப்போதும் உயிரோடு இருந்தார், வயது 79. அந்த வியாபாரத்தில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை.

1961 ஜனவரி 19 ஆம் திகதி சோல்ட் லேக் சிட்டியில் அவர் இறந்தார். கையில் பணம் இருக்கவில்லை. ஈஸ்ட் மில்கிரீக்கில் அவருடைய தொழிற்சாலைக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. ஓவியர்களும் கைவினைஞர்களும் அதன் அறைகளை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறார்கள்.